இரண்டு முனையும் வெட்டிய ரிப்பன்

போன பள்ளி விடுமுறையில் என் தங்கை மகள் ஸ்டெல்லா தன் பிள்ளைகளை ஒரு விளையாட்டுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனாள். பட்டப்பகலில் உள்ளே இருட்டு. தரை முழுக்கச் சதுரம் சதுரமாக விளக்கு. பச்சையை மிதித்தால் மணி அடிக்கிறது, சிவப்பை மிதித்தால் ஏதோ ஒன்று உறுமுகிறது. சின்னவன் வேண்டுமென்றே சிவப்பையே மிதித்துக்கொண்டிருந்தான். "அது என்னைத் திட்டுது! என்னைத் திட்டுது!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

வாசலில் ஒரு தமிழ்ப்பெண் வேலையில் இருந்தாள். பிள்ளைகளின் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினாள், என் கையிலும் அதேபோல் ஒன்று. திரும்பி வரும்போது கதவோரம் இருக்கிற இயந்திரத்தில் எல்லா வளையங்களையும் காட்ட வேண்டும். 'டிங்' என்றதும் கதவு திறக்கிறது. என் கைக்கு மாட்டும்போது நான் மணிக்கட்டைத் திருப்பி வளையத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். ரொம்ப இறுக்கமா, தளர்வா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவள் சிரித்தாள். "ஆண்ட்டி, நீங்க இந்த லைன்ல வேலை பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நீ பிறக்கிறதுக்கு முன்னாடி."

"அப்போ இதெல்லாம் இருந்துச்சா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டெல்லாம் இவர்கள் காலத்தில்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன், எங்கள் மாதா கோயில் பெண்கள் சங்கத்து மலருக்கு இந்த வருஷம் நான் எழுதித் தருகிறேன் என்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். எழுத்துப் பிழையை ஸ்டெல்லா திருத்தினாள். சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மார்சிலிங்கில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த சமயம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புதிதாக ஒரு கடைத்தொகுதி கட்டியிருந்தார்கள். அங்கே மாடிப்படி கழுவுகிற வேலைக்குத்தான் நான் முதலில் போனேன். மூன்றாவது மாடியில் குளிர்சாதனம் போட்டு, பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுக்கூடம் திறந்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருந்தது. நம் ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'பந்துக்கடை' என்பார்கள். "ஞாயித்துக்கிழமை பந்துக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், இப்போ சோறு சாப்பிடு" என்று சொல்லாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை.

அங்கே சின்னப் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்க, சோதிக்க ஒரு பெண் ஆள் வேண்டியிருந்தது. படி கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் பழகினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த மாடியை விட்டு இறங்கவில்லை.

உள்ளே என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன். ஒரு பெரிய தொட்டி நிறைய வண்ணவண்ணப் பிளாஸ்டிக் பந்து. அதுதான் பந்துக்குளம். பிள்ளைகள் அதில் முங்கி நீந்துவார்கள். ஒரு மேசையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஓட்டையிலிருந்து தவளை தலையைத் தூக்கும், சுத்தியலால் அடிக்க வேண்டும். அடி விழுந்தால் தவளை கத்தும். வாயைப் பிளந்த கோமாளி பொம்மை ஒன்று. அதன் வாயில் பந்தை எறிந்தால் கண்ணை உருட்டும். கடைசியில் கண்ணாடி அறை. சுற்றிச் சுற்றிக் கண்ணாடிச் சுவர், நடுவில் வளைந்து வளைந்து வழி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாமே நிற்போம்.

காலையில் கதவு திறக்கும் முன் பந்துக்குளத்தில் நான் முட்டி போட்டு இறங்குவேன். அடிவரை கையை விட்டுத் துழாவ வேண்டும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கைக்குத்தான் தெரியும். பாதி கடித்த பிஸ்கட் கிடைக்கும், கொண்டை ஊசி கிடைக்கும், பால்பல்கூடக் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்துப் பந்துகளைத் துடைப்பேன். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற பந்தெல்லாம் நம் பிள்ளைகள் விளையாடியது. தலை நிறைய எண்ணெய் வைத்து, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து அனுப்புவார்கள் இல்லையா, அதெல்லாம் பந்தில்தான் இருக்கும்.

நம் தாய்மார்களிடம்தான் எனக்கு வேலை அதிகம். கொலுசு, வளையல், அரைஞாண், தோடு எல்லாவற்றையும் மாட்டி, சட்டைக்குள்ளே தாயத்தை ஊக்கால் குத்தி அனுப்புவார்கள். ஊக்கு திறந்துகொண்டால் பந்துக்குள் இருக்கிற பிள்ளையின் கண் என்னாவது? கழற்றச் சொன்னால் முகம் கோணும். "ஏங்க, அது சாமி கயிறுங்க." "சாமி உங்க கைப்பையில ஒரு மணி நேரம் இருக்கட்டும்மா. ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பேன். நானோ வேதக்காரி. என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள், ஆனால் கழற்றிவிடுவார்கள்.

கண்ணாடி அறைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. கண்ணாடியைப் பார்த்து நடந்தால் மூக்கு உடையும். தரையைப் பார்த்து நடக்க வேண்டும், தரை பொய் சொல்லாது. உள்ளே மாட்டிக்கொண்டு அழுகிற பிள்ளையைப் போய் இழுத்துவரக் கூடாது. வெளிவாசலில் நின்று கையைத் தட்டிக்கொண்டே, "காலைப் பாரு கண்ணு, உன் காலைப் பாரு" என்று கூப்பிட வேண்டும். தானே வந்த பிள்ளை மறுபடி உள்ளே போகும். தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை அடுத்த வாரம் வராது.

அந்த அறையில் ஒரே ஒரு பலகை மட்டும் முகம் காட்டாத வெறும் கண்ணாடி. வெளியே நடைபாதையில் நிற்கிறவர்கள் அதன் வழியாகத் தெரிவார்கள். பிள்ளைகள் அதைத்தான் வாசல் என்று நினைத்து வந்து முட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் நான் துடைக்கும்போது அந்தப் பலகையில் இடுப்பு உயரத்தில் வரிசையாக நெற்றித் தடம் இருக்கும். எண்ணெய்த் தடம், திருநீற்றுத் தடம், குங்குமத் தடம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ரிப்பன். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மேற்பார்வையாளர் மேடம் கோ. பிள்ளையைக் கூட்டிவருகிறவர் முன்னால், இரண்டு விரல் அகல ரிப்பனில் ஒரு முழம் எடுப்போம். நடுவில் கோணலாக ஒரு வெட்டு. ஒரு பாதி பிள்ளையின் மணிக்கட்டில், வெட்டு முனை புறங்கைப் பக்கம் தொங்கும்படி. மறு பாதி கூட்டிவந்தவர் கையில். ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் மேலே ஒரு பல், இன்னொன்றில் கீழே ஒரு பள்ளம். கத்தரி நம் கையில் எப்படிப் போகிறதோ அப்படி. போகும்போது இரண்டு முனையையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். பொருந்தினால் பிள்ளை போகும். ரிப்பனுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பளபளப்பு மேலே இருக்கும்படிதான் சேர்க்க வேண்டும்.

மேடம் கோ ஒல்லியான சீனப் பெண்மணி. கத்தரியைக் கறுப்பு நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கொத்துச்சாவி சத்தம் போடக் கூடாது என்று துணியில் சுற்றி வைத்திருப்பார். வாயில் எப்போதும் ஒரு உலர்ந்த புளிப்புப் பிளம் பழம் அடங்கியிருக்கும். வருகிறவர்களிடம் ஆங்கிலம், இயந்திரம் பார்க்கிறவர்களிடம் ஹொக்கியன் சீனம், என்னிடம் சந்தை மலாய். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கூட்டம் நெரியும்போது நான் பதறினால், பக்கத்தில் வந்து, "பெலான்-பெலான், மெதுவா, மேரி. பிள்ளைதான் ஓடும், நீ ஓடாதே" என்பார். என் முழுப்பெயர் ஆரோக்கியமேரி. அவருக்கு மேரிதான் வாயில் நுழைந்தது.

பாராட்ட மாட்டார். நான் துடைத்த கண்ணாடியைச் சாய்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அதுதான் பாராட்டு. சரியில்லை என்றால் தன் கைக்குட்டையை எடுத்து அந்த ஒரு இடத்தை மட்டும் தானே துடைத்துவிட்டுப் போவார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போது கவிதா விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு அம்மாள் நாலு வயதுப் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார். பெயர் தனலெட்சுமி. மடிப்புக் கலையாத சேலை, முட்டிவலி, நிமிர்ந்த நடை. பிள்ளை அவர் தம்பி மகள். பெயர் கவிதா. வீடு சிராங்கூன் பக்கம். தனலெட்சுமி அம்மாள் உள்ளே வரமாட்டார். ரிப்பனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வாசல் பெஞ்சில் உட்காருவார். "மேரியம்மா, பார்த்துக்கங்க" என்று ஒரு வார்த்தை. பிள்ளை சிரிக்காது. தவளையை அடிக்கும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்று மெதுவாக அடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு இளம்பெண் பக்கவாட்டு நடைபாதையில் நின்று எனக்குக் கை காட்டினாள். பெயர் சாரதா. ஜொகூர்க்காரி. உட்லண்ட்ஸில் ரேடியோ பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. காலையும் மாலையும் நாட்டு எல்லையில் இருக்கிற கடற்பாலத்தைத் தாண்டி வந்து போகிறவள்.

"அக்கா, அந்தப் பிள்ளை என் பிள்ளை."

"யாரு, கவிதாவா?"

"அவருக்கும் எனக்கும் சண்டை. நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். பிள்ளையை அனுப்ப மாட்டேங்கிறாங்க. வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு அண்ணி, அவரோட அக்கா, சொல்லிட்டாங்க. ஒரே ஒரு தடவை உள்ளே விடுங்க அக்கா, கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு வந்திடறேன்."

என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே வரக் கூடாது, அது சட்டம். அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை, தலையை ஆட்டிக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உள்ளே விட முடியாது. ஆனா அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி இருக்கு. நடைபாதையில யாரும் நிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லை" என்றேன்.

பிள்ளையைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பினேன். "காலைப் பாரு கண்ணு, நேரா போ." வெறும் கண்ணாடிப் பலகைக்கு வந்ததும் கவிதா நின்றது. தலையைத் தூக்கியது. அந்தப் பக்கம் தாய் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கத்தவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்தது. தாய் அந்தப் பக்கத்திலிருந்து அதே இடத்தில் கை வைத்தாள். பின்னால் வந்த பிள்ளைகளை நான் கோமாளி பக்கம் திருப்பிவிட்டேன்.

அப்படிப் பல ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஒரு நாள் தனலெட்சுமி அம்மாள் என்னிடம் கவலையோடு சொன்னார். "மேரியம்மா, இந்தப் பிள்ளை கண்ணாடிக்குள்ள அம்மா இருக்காங்கன்னு சொல்லுது. ராத்திரியெல்லாம் அதே பேச்சு. கண்ணு கிண்ணு பட்டிருக்குமோன்னு உப்பு மிளகாய் சுத்திப் போட்டேன். உங்க கண்ணாடியில ஏதும் கோளாறா?"

"கண்ணாடியில கோளாறு இல்லைங்க" என்றேன். அது உண்மை. கேட்ட கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லுவேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் பாதி எங்கள் மாடியில். தனலெட்சுமி அம்மாள் பெஞ்சில் இடம் கிடைக்காமல், தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார். சிறிது நேரத்தில், பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போகிற வெளிவாசல் வரிசையில் சாரதா நின்றாள். அன்று தொழிற்சாலைச் சட்டை இல்லை, புதுச் சேலை. ஒரு பெரிய பை தோளில் தொங்கியது. கவிதா அவளைப் பார்த்துவிட்டது.

"அம்மா! அம்மா! அம்மா!"

ஓடிவந்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. சாரதா என் மேசையில் ஒரு சிவப்பு ரிப்பன் துண்டை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரிப்பன் சிவப்பு. அதுவும் சிவப்பு, அதே அகலம். முனையில் கோணல் வெட்டு.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் வேலை ரிப்பனைப் பார்ப்பது. பிள்ளையின் மணிக்கட்டைத் தூக்கி மேசையில் வைத்து முனையோடு முனை சேர்த்தேன். சேரவில்லை. பிள்ளையின் துண்டில் மேல் ஓரத்தில் பள்ளம். இவள் துண்டில் பல் கீழ் ஓரத்தில். சாரதா சட்டென்று தன் துண்டைத் திருப்பிப் போட்டாள். இப்போது பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பொருந்திவிட்டது. ஆனால் மங்கல் பக்கம் மேலே.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து நிற்கும்போது ரிப்பன் முனை புறங்கைப் பக்கம் தொங்கும், தாய்க்கு நேராகத் தெரியாது. பிள்ளைக்குப் பின்னால் இருக்கிற முகக் கண்ணாடியில்தான் தெரியும். அதில் பார்த்து வெட்டியிருக்கிறாள். கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும் என்பது அவள் நினைவில் இல்லை. ரிப்பனைக் கடையில் வாங்கி, அன்று நான் பார்க்காதபோது கண்ணாடிப் பக்கம் நின்று, நகம் வெட்டுகிற கத்தரியால் அவ்வளவு கவனமாக வெட்டியிருக்கிறாள்.

"இது எங்க வெட்டு இல்லையே சாரதா" என்றேன் மெதுவாக.

"பொருந்துதுல்ல அக்கா?"

வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "சிவப்புக்குச் சிவப்பு சரியாத்தானே இருக்கு, விடுங்க லா." "பிள்ளையே அம்மாங்குது, அப்புறம் இவங்களுக்கு என்ன சாட்சி வேணுமாம்?" "தீபாவளி நேரத்துல தாயையும் பிள்ளையையும் பிரிக்காதீங்கம்மா, பாவம்."

சாரதா மேசைமேல் குனிந்து என் காதோடு சொன்னாள். "எட்டரை மணி ஜொகூர் பஸ்ல போயிடுவேன் அக்கா. யாருக்கும் தெரியாது. நீங்க பார்க்காத மாதிரி இருந்தா போதும்."

"நான் பார்த்துட்டேனே."

அவள் கண் மாறியது. "உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்."

நான் கவிதாவின் கையை விடவில்லை. "எனக்குப் பிள்ளை இல்லை. இங்கே வர்ற ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு வாங்குறேன், கேட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். உன் பிள்ளையா இருந்தாலும் சரி, ராஜா வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி."

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அன்று கொடுத்திருந்தால் நல்லவள் என்று வரிசையே என்னைச் சொல்லியிருக்கும். ஆனால் நான் இருந்த இடம் நல்லவள் பெயர் எடுக்கிற இடம் இல்லை. கீழே தேநீர் குடிக்கிற ஒருத்தி, மேரியம்மா பார்த்துக்கொள்வார் என்று நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த ஒருத்தியும் அப்போது வந்துவிட்டார். கையில் பிசாங் கோரெங், பொரித்த வாழைப்பழப் பொட்டலம். பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"திருட வந்தியா? பெத்த பிள்ளையைத் திருட வந்தியா?"

"என் பிள்ளையை நான் எடுக்கிறது திருட்டா அண்ணி?"

"தூக்கிட்டு அக்கரைக்குப் போயிட்டா நான் எந்த வாசல்ல வந்து நிப்பேன்? அது தூங்கும்போது என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குதுடி!"

சொல்லும்போது அந்த அம்மாளின் உதடு துடித்தது. அதுவரை அவரை நான் கல் என்றுதான் நினைத்திருந்தேன். கவிதா என் பிடியில் நின்றுகொண்டு ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தது. அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தது.

மேடம் கோ எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. சாரதாவின் ரிப்பனை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை. பிறகு என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுக்கவில்லை. வேறு ஒரு ஆளை வாசலுக்கு வரச்சொல்லிவிட்டு எங்கள் நாலு பேரையும் பின்னாலிருந்த அறைக்குக் கூட்டிப் போனார்.

எல்லோருக்கும் புரிகிற மலாயில்தான் பேசினார்.

"பிள்ளை யாரோடு வந்தது?"

"என்னோட" என்றார் தனலெட்சுமி அம்மாள்.

"அம்மா என்று யாரைக் கூப்பிட்டது?"

இரண்டு பேரும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

"போலீஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் இன்று ராத்திரி உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யாரும் தூங்கப் போவதில்லை. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டார்கள்.

மேடம் கோ கவிதாவின் கையிலிருந்த ரிப்பனை அவிழ்த்தார். புதிதாக ஒரு நீள ரிப்பன் எடுத்தார். கழுத்துக் கத்தரியால் ஒரு கோணல் வெட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு கோணல் வெட்டு. மூன்று துண்டு. நடுத்துண்டைப் பிள்ளையின் கையில் கட்டினார். இரண்டு முனையும் வெட்டு, இரண்டும் வேறு வேறு மாதிரி. ஒரு ஓரத்துண்டு அத்தைக்கு, மறு ஓரத்துண்டு தாய்க்கு.

"மாடிக்குள் இருக்கும்வரை பிள்ளை எங்கள் பொறுப்பு. வந்தவரோடுதான் திரும்பிப் போகும். ஆனால் இரண்டு முனையும் பொருந்தினால்தான் மேரி கதவைத் திறப்பாள். ஒருத்தர் இல்லையென்றால் பிள்ளை இங்கேயே இருக்கும், நானும் மேரியும் சோறு ஊட்டுவோம்."

சிரிக்காமல்தான் சொன்னார். சாரதாவின் தோள்பையைக் காட்டி, அதை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பிறகு அவளிடம், "உன் கையில் ரிப்பன் இருக்கிறது. ரிப்பன் இருக்கிறவர்கள் உள்ளே போகலாம். செருப்பைக் கழற்று" என்றார்.

அன்று சாரதா பந்துக்குளத்துக்குள் புதுச் சேலையோடு இறங்கினாள்.

அடுத்த ஞாயிறு தனலெட்சுமி அம்மாள் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தார். பிள்ளை அழுது அடம்பிடித்து இழுத்து வந்திருக்கும். சாரதா முன்பே வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் மேசைக்கு முன் நின்றார்கள். நான் இரண்டு வெட்டு வெட்டினேன். அப்படி வாராவாரம். சாரதா உள்ளே பிள்ளையோடு விளையாடுவாள், தனலெட்சுமி அம்மாள் பெஞ்சில் இருந்து கண்ணை எடுக்க மாட்டார். மூடுகிற நேரத்துக்கு இரண்டு பேரும் வந்து துண்டை நீட்டுவார்கள். அத்தை வாங்கிவந்த பிசாங் கோரெங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளை அம்மாவுக்கும் ஒன்று கொடுக்கும். கொடுக்கக் கூடாது என்று அத்தை சொன்னதில்லை.

ஒரு வாரம் கவிதா பெஞ்சுக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்து இழுத்தது. "அத்தை, நீங்களும் தவளை அடிங்க. வாங்க அத்தை!" முட்டிவலி என்று சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. சுத்தியலைக் கையில் வாங்கினார். முதல் தவளை தலையைத் தூக்கியது. என்னம்மா அது, அப்படி ஒரு அடி! அடுத்தது, அதற்கடுத்தது, சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு தவளை விடாமல் வெளுத்தார். தவளை எல்லாம் கத்துகிறது, பிள்ளை குதிக்கிறது. பக்கத்தில் நின்ற சாரதா, வாய் தவறித்தான் கேட்டிருப்பாள்.

"யாரை நினைச்சு அடிக்கிறீங்க அண்ணி?"

"உன்னைத்தான்டி!"

சாரதாதான் முதலில் சிரித்தாள். அடுத்து தனலெட்சுமி அம்மாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கவிதா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அன்றிலிருந்து பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, வாசலில் எனக்கு வேலை இருந்தது. ஒரு நாள் சாரதா அழுதுகொண்டிருந்தாள். ஒரு நாள் தனலெட்சுமி அம்மாள் அழுதுகொண்டிருந்தார். அவர் தம்பி, அதாவது பிள்ளையின் அப்பா, ஒரு தடவை படி ஏறி வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த பொங்கல் தாண்டி ஒரு ஞாயிறு, நல்ல மழை. மூன்று பேரும் மேசைக்கு முன் வந்தார்கள். நான் வழக்கம்போல் நீள ரிப்பனை எடுத்து முதல் வெட்டு வெட்டினேன். இரண்டாவது வெட்டுக்குக் கத்தரியைத் திறக்கும்போது தனலெட்சுமி அம்மாள் ரிப்பன்மேல் கையை வைத்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு வெட்டு போதும் மேரியம்மா."

சாரதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணி, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றாள்.

நான் பிள்ளையின் கையில் ஒரு துண்டைக் கட்டினேன். மறு துண்டைத் தனலெட்சுமி அம்மாளிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முகவாயைத் தூக்கிச் சாரதாவைக் காட்டினார்.

"அவகிட்ட கொடுங்க. எனக்குத் தேக்கா சந்தையில மீன் வாங்கணும், இவங்க ஆடி முடிக்கிறவரைக்கும் என்னால உட்கார முடியாது." பிறகு சாரதாவைப் பார்க்காமலே, "முடிஞ்சதும் பிள்ளையை நீ வீட்டுக்குக் கூட்டிட்டு வா. உன் வீட்டுக்காரன் இருப்பான். உலை வச்சிடுவேன், லேட் பண்ணாத" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். இத்தனை மாதம் கண்ணை எடுக்காத அந்த அம்மாள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூடுகிற நேரத்துக்குச் சாரதா பிள்ளையோடு என் மேசைக்கு வந்தாள். துண்டை நீட்டினாள். சேர்த்துப் பார்த்தேன், என் வெட்டுதான். பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்தேன். கதவைத் திறந்துவிட்டேன். அவள் போகவில்லை. கதவருகே நின்றுகொண்டு கையைப் பிசைந்தாள்.

"என்ன சாரதா?"

"அந்த வீட்டுப் படி ஏறி எத்தனை நாளாச்சு அக்கா. ஒண்ணுமே வாங்கலை. வெறுங்கையோடவா போய் நிக்கிறது?"

நான் அவளுடைய கையைக் காட்டினேன். அவளுடைய இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு கவிதா தரையைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தது.

"இதுவா வெறுங்கை? போம்மா, அங்கே மீன் ஆறிடும்."